தாள் வரச் சுணங்கினால்…



எங்கள் மாதர் சங்க அலுவலகத்தில் ஒரே ஒரு போட்டோக்கொப்பி மெஷின். மூன்று கணினிகளும் வலையமைப்பால் அதோடுதான் இணைந்திருக்கின்றன. ஒரு நாள் கடன் விண்ணப்பத்துக்காக வந்த அம்மாவுக்கு நான்கு பக்கம் அச்சிடக் கொடுத்தேன். ஐந்து நிமிடமாகியும் தாள் வரவில்லை. "பிள்ளை, மூண்டு மணி பஸ்ஸை விட்டா இண்டைக்கு வீட்ட போகேலாது" என்றவர், வெறுங்கையோடு போய்விட்டார். மறுநாள் திரும்பவும் பஸ் காசு செலவழித்து வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மெஷின் பழசு, திருத்துபவரைக் கூப்பிடுவோம் என்றார்கள். அவர் வந்து பார்ப்பதற்கே காசு. நானே பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் ஒரு தாளைக் கண்ணாடியில் வைத்துக் கொப்பி எடுத்தேன். உடனே வந்தது. ஆகவே மெஷினில் பிழையில்லை. பிறகு ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து அச்சுக்கு அனுப்பினேன். அதுவும் சுணங்கியது. கோப்பு பெரிதென்பதும் காரணமில்லை. (வர்ணத்தில் ஸ்கேன் பண்ணிய பக்கங்கள் என்றால் சுணங்கத்தான் செய்யும். படிவங்களைக் கறுப்பு வெள்ளையில், 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் பண்ணினால் போதும்.) அதே வரியைப் பக்கத்து மேசைக் கணினியிலிருந்து அனுப்பினேன். சில வினாடிகளில் தாள் கையில்!

பிழை என் கணினியில்தான். இரண்டிலும் 'பிரிண்டர் புரொப்பட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' பகுதியை ஒப்பிட்டேன். மற்றதில் மெஷினின் ஐ.பி. முகவரி இருந்தது. என்னுடையதில் 'டபிள்யூ.எஸ்.டி.' என்றிருந்தது. விண்டோஸ் தானே தேடிப் பிடித்துச் சேர்க்கும்போது சில வேளை இப்படி அமைந்துவிடும். வீட்டிலக்கம் இல்லாத கடிதத்தோடு விசாரித்து விசாரித்துப் போகும் தபால்காரர் மாதிரித்தான் இது.

மெஷினின் திரையிலிருந்து வலையமைப்பு விபரப் பக்கத்தை அச்சிட்டால் அதன் ஐ.பி. முகவரி தெரியும். 'அட் போர்ட்' அழுத்தி, 'ஸ்டாண்டர்ட் டி.சி.பி. ஐ.பி. போர்ட்' தெரிந்து, அந்த எண்ணைக் கொடுத்தேன். சுணக்கம் போய்விட்டது.

மூன்று நாளில் கரண்ட் போய் வந்தது. பிறகு ஒரு தாளும் வரவில்லை! ரவுட்டர் மெஷினுக்குப் புது எண் கொடுத்திருந்தது. அதனால் மெஷினிலேயே எண்ணை நிலையாக்கி வைக்க வேண்டும். ரவுட்டர் மற்றக் கருவிகளுக்குத் தானாகப் பகிரும் எண்களில் ஒன்றை எடுக்காதீர்கள்; இரண்டு கருவிக்கும் ஒரே எண் விழுந்து மோதும். இந்த இடத்தில் இணைப்புப் பூட்டித் தந்த தம்பியிடம் கேட்டுத்தான் செய்தேன்.

அந்த எண்ணை ஒரு துண்டில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன், நான் லீவில் நின்றாலும் மற்றப் பிள்ளைகளுக்கு உதவும்.