நாயின் மூக்கு நோயும் நம் அவசரமும்

நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டில் நாய் வளர்க்கிறோம். ஊருக்குப் போகும் நாள் நெருங்கினால், நாயின் வைத்தியத்தையும் மற்ற வேலைகளோடு சேர்த்து அவசரமாக முடித்துவிடப் பார்க்கிறோம். அது கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அல்சேஷனுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி ஒழுகியது. ஜலதோஷம் என்று இருந்துவிட்டோம். பிறகு ரத்தம் வந்தது; மூக்கு நுனி புண்ணாகி, கறுப்பு நிறம் வெளுத்தது. பரிசோதித்த மருத்துவர் 'அஸ்பர்ஜில்லஸ்' என்னும் பூஞ்சை என்றார். நீண்ட மூக்குள்ள நாய்களுக்கு இது அதிகம் வருமாம்.

இதற்கு மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது. நாய்க்கு முழு மயக்கம் கொடுத்து, மூக்கை முன்னும் பின்னும் அடைத்து, க்ளோட்ரிமசோல் மருந்தை உள்ளே நிரப்பி சுமார் 1 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். மருந்து எல்லா இடத்திலும் படுவதற்காக 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாயைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள்.

இதில் ஆபத்துகள் உண்டு. மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடை போன்ற மெல்லிய எலும்பு இருக்கிறது. பூஞ்சை அதை அரித்திருந்தால் மருந்து மூளைப்பக்கம் கசிந்து வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். ஆகவேதான் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். மருந்து நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. அதைத் தடுக்க மூச்சுக்குழாயில் ட்யூப் வைத்து, தொண்டையில் துணி அடைக்கிறார்கள். மருந்து பட்டுத் தொண்டை வீங்கினால், ட்யூபை எடுத்த பிறகு மூச்சு அடைத்துக்கொள்ளும்.

எங்களுக்கு மறுநாள் சென்னைக்கு டிக்கெட். "சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்தினேன். அவர் இணங்கவில்லை, எனக்குக் கோபம்கூட வந்தது. அன்றிரவே நாய்க்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியது. மறுபடியும் ட்யூப் வைத்துக் காப்பாற்றினார்கள். பாதுகாப்பு விஷயத்தில் அவசரம் கூடாது என்று ரயில்வேயில் பல வருஷம் பிறருக்குச் சொன்னவன் நான்!

"ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்கள் உண்டு. விட்டுவிட்டால் பூஞ்சை மூக்கின் உள்ளெலும்பைத் தின்றுகொண்டே போகும். வாயில்லா ஜீவன் வலியைச் சொல்லாது.

எனவே அன்பர்களே, ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ தொடர்ந்து வந்தால் நாள் கடத்தாதீர்கள். ஸ்கேன் செலவைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். இரவு அங்கேயே தங்கட்டும் என்று மருத்துவர் சொன்னால் வாதாடாதீர்கள். இரண்டாம் முறையும் மருந்து நிரப்ப நேரலாம். அதற்கும் நாள் ஒதுக்கிவிட்டு டிக்கெட் எடுங்கள். ஊர் எங்கும் போய்விடாது.