நாற்காலி தந்தால் போதுமா?

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கும் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சட்டம் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழக ஊராட்சிகளில் செம்பாதி இடங்களைப் பெண்டிர்க்கு ஒதுக்கிற்று. நன்று! ஆனால், பெயர்ப்பலகையில் மனைவி, நாற்காலியில் கணவன்! இது நாடறிந்த இழிவன்றோ?

குற்றம் பெண்ணினதன்று, இளமையில் அவளைப் பழக்காத குமுகாயத்தினது. நீந்தக் கற்பிக்காமல் ஆற்றில் தள்ளிவிட்டு, ‘இவளுக்கு நீந்தத் தெரியவில்லை’ என நகைப்பது எவ்வகை அறம்?

1909இல் இலண்டன் படிகமாளிகையில் சாரணச் சிறுவர் கூடியபோது, சிறுமியரும் அழைப்பின்றியே அணிவகுத்து வந்து இடங்கேட்டனர். மறு ஆண்டே சாரணியர் இயக்கம் எழுந்தது. சிறுமியர் சிலர் ஓரணியாகித் தம்முள் ஒருத்தியைத் தலைவியாக்கி, வேலைகளைப் பகிர்ந்து செய்வதே அதன் பயிற்சிமுறை.

தமிழ்மண்ணிலும் சான்றுண்டு. 1938 நவம்பர் 13இல் நீலாம்பிகையார் தலைமையில் சென்னையில் பெண்கள் மாநாடு கூடிற்று. மறுநாளே தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தமும் பிறரும் இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து சிறைபுகுந்தனர். கூடிய பெண்டிர்க்கே அத்துணிவு வாய்த்தது.

எனவே, கொல்லிமலைப் பள்ளிதோறும் பெண்பிள்ளைகளுக்குச் சாரணியர் அணி அமைக! விழா மேடையில் மலர்ச்செண்டு நீட்டுதற்கன்று. கூட்டம் நடத்துதற்கு, கணக்குக் கேட்பதற்கு, தவற்றை முகத்துக்கெதிரே மறுப்பதற்கு! அவ்வணியின் உறுதிமொழியும் கட்டளையும் தூய தமிழில் முழங்குக! இன்று அணித்தலைவியாகப் பழகியவள், நாளை ஊராட்சி நாற்காலியை எவனுக்கும் விட்டுக்கொடாள்!