விலைப் பலகையின் சாவி யாரிடம்?

மும்பை மாதுங்காவில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 2024 இறுதியில் கூப்பிட்டார். காபிக்கொட்டை விலை உலகச் சந்தையில் எகிறிக்கொண்டிருந்த நேரம். கடை வாசலில் இருந்த விலைப் பலகையைச் சாக்பீஸால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டார். இணையதளத்தில் திருத்த முடியவில்லை. அதை அமைத்துக் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். புனேயிலிருந்தும் நாக்பூரிலிருந்தும் வாடிக்கையாளர்கள் பழைய விலைக்கே பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "என் கடை விலையை மாத்தறதுக்கு நான் இன்னொருத்தரைத் தேடிப் போகணுமா சார்?" என்றார், நியாயமான கோபத்துடன்.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். தொழில் வட்டாரத்தில் சி.எம்.எஸ். என்கிறார்கள். தளத்தின் தோற்றம் ஓரிடத்தில், அதில் வரும் எழுத்தும் படமும் விலையும் வேறோரிடத்தில் என்று பிரித்து வைப்பதே இதன் சூட்சுமம். நிரல் எழுதத் தெரியாத கடைக்காரர் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், 600ஐ அழித்து 750 என்று தட்டினால் போதும்.

நண்பரின் மகன் மூன்று இடங்களில் விலை கேட்டு வாங்கியிருந்தான். என்னை அழைத்தது தமிழ்ப் பக்கங்களை எழுதித் தருவதற்காக. ஆனால் மூன்று தாள்களையும் நீட்டி, "எது தேவலை?" என்றும் கேட்டார்கள்.

முதல் தாள் மாதச் சந்தாவில் இயங்கும் ஷாப்பிஃபை. கடை வைப்பதற்கென்றே கட்டப்பட்டது, தொல்லை குறைவு. சந்தா நின்றால் கடையும் மூடும். இரண்டாவது, 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய வேர்ட்பிரஸ். இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. மென்பொருள் இலவசம். இலவசம் என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தளத்தைத் தாங்கும் சர்வருக்கு வாடகை உண்டு. விற்பனைக்கு, படிவத்துக்கு, பாதுகாப்புக்கு என்று ஒட்டவைக்கும் செருகுநிரல்களில் பலவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அவற்றை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் திருடன் நுழையும் ஜன்னல் அதுதான்.

மூன்றாவது தாள் பளபளவென்று இருந்தது. "எங்கள் சொந்த சி.எம்.எஸ்." என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மகனுக்கு அதில்தான் மோகம். எனக்கு அதில்தான் பயம். அந்த நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் அந்த மென்பொருள் தெரியாது. நாளை அவர்களோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவர்களே கடையைக் கட்டினாலோ, நண்பர் மறுபடி அந்த இளைஞரைத் தேடிய இடத்துக்கே வந்து நிற்பார்.

விற்பனையாளர்கள் வசதிகளின் பட்டியலைத்தான் படிப்பார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு: இங்கிருந்து காலி செய்துகொண்டு போனால் எதை எடுத்துப் போகலாம்? வேர்ட்பிரஸில் மொத்தத்தையும் கட்டி எடுத்து வேறு சர்வரில் இறக்கலாம். ஷாப்பிஃபையில் பொருட்களின் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் வரும், கடையின் அலங்காரம் வராது. விக்ஸ் போன்ற சேவையில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்க முடியாது.

இது வீண் கவலை என்று தோன்றலாம். வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்துவந்த சின்ன இணையதளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடியது. பழைய முகவரிக்கு வந்தவர்களை வணிகப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் ஜூன் 10 வரைதான். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டுமே விளம்பரமாக நம்பியிருந்தவர்களுக்கு வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

வாடிக்கையாளர் பட்டியல் என்றதும் இன்னொன்று. பெயரையும் தொலைபேசி எண்ணையும் படிவத்தில் வாங்கிவைக்கிறோம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பொறுப்பைக் கடைக்காரர் தலையில்தான் வைக்கிறது. மென்பொருள்காரரைக் கைகாட்டித் தப்ப முடியாது.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக இரண்டு சங்கடங்கள். நண்பர் கொடுத்த பழைய விளம்பரத் தாள், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அச்சுக்கோத்தது. அதை அப்படியே புதிய தளத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். மாற்றிக்கொண்டுதான் ஒட்ட வேண்டும். மற்றது, பக்கத்தின் முகவரி. தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கிவிடும். 'காபி' என்ற இரண்டெழுத்துச் சொல், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறிகளோடு 36 எழுத்துகளாக நீளக்கூடும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடவே மாட்டார். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள் என்றேன். தமிழ் முதுகலைப் பட்டதாரி சொல்லக்கூடிய யோசனையா இது என்று மகன் சிரித்தான்.

கடைசியில் வேர்ட்பிரஸ் என்று முடிவானது. மாதம் ஒருமுறை வந்து புதுப்பித்துக் கொடுக்கத் தாதரில் ஒரு பெண் கிடைத்தார். நூறு பொருட்களும் தினசரிக் கூரியர் மூட்டைகளும் இருந்திருந்தால் ஷாப்பிஃபையையே சொல்லியிருப்பேன். இவருக்கு இருப்பது ஆறு ரகக் காபிப்பொடி. சிக்கரி கலந்தது, கலக்காதது என்ற தகராறு தனி.

எல்லாம் முடிந்தபின்தான் தெரிந்தது, பழைய தளத்தின் பெயரே அந்த இளைஞரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகியிருந்தது என்று. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவருக்கே போயின. கெடு முடிந்ததும் வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டார்கள். இப்போது நண்பர் தம் பெயரில், தம் மின்னஞ்சலில், ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துப் பணம் கட்டிப் புதுப் பெயர் வாங்கியிருக்கிறார். சென்ற முறை போனபோது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய முகவரி அச்சடித்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன்மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தார். இன்னும் நாலு மூட்டை பாக்கி.