நீதி புகட்டுகிறவர்கள்

"உங்கள் நாவல் சமுதாயத்துக்கு என்ன நீதியைப் புகட்டுகிறது?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பதில் இல்லாமல் அல்ல. அந்த வினைச்சொல்லைக் கேட்டதுமே எனக்கு வாய் அடைத்துப்போகிறது. புகட்டுவது என்றால் என்ன என்று அவர்கள் ஒரு கணமாவது யோசித்துப் பார்த்திருப்பார்களா?

கைக்குழந்தைக்குப் பாலாடையில் மருந்து புகட்டுகிறோம். காலை நீட்டி அதன்மேல் கிடத்தி, கன்னத்தை அழுத்தி வாயைத் திறக்கவைத்து, திமிறாமல் பிடித்துக்கொண்டு ஊற்றுகிறோம். விழுங்கினால்தான் விடுவோம். மாட்டுக்கு மருந்து கொடுப்பதும் இதே கதைதான். பாலாடைக்குப் பதில் மூங்கில் குழாய். தலையைத் தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள். ஆக, தானாகச் சாப்பிடத் தெரியாத ஜீவனுக்கும், சாப்பிட மாட்டேன் என்கிற ஜீவனுக்கும் செய்கிற காரியம் அது. காசு கொடுத்துப் புத்தகம் வாங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற மனிதரை அப்படிக் கிடத்த எனக்கு மனம் வரவில்லை. மேடையில் ஒருவர் "எதிரிகளுக்குத் தக்க பாடம் புகட்டுவோம்" என்று முழங்கினால், அவர் பள்ளிக்கூடம் திறக்கப் போவதாக யாரும் நினைப்பதில்லை. பாஷைக்கு உண்மை தெரிந்திருக்கிறது, பேசுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

"சரி, புகட்ட வேண்டாம், ஊட்டுங்கள்" என்பார்கள். ஊட்டுவது கொஞ்சம் கௌரவமான காரியம்தான். உண் என்பதிலிருந்து பிறந்த சொல்; வாயைத் திறப்பது குழந்தையின் பொறுப்பு. நிலாவைக் காட்டலாம், காக்காயைக் காட்டலாம், பிடித்து அமுக்கக்கூடாது. ஆனால் சோற்றைப் பிசைகிற கை நம்முடையது. உள்ளே என்ன வைத்து உருட்டினோம் என்பது குழந்தைக்குத் தெரியாது. அறிவூட்டுகிறோம், ஆர்வமூட்டுகிறோம் என்கிற அதே வாயால்தான் நஞ்சூட்டிய அம்பு என்றும் சொல்கிறோம். என்னைக் கேட்டால், புகட்டுகிறவனைவிட ஊட்டுகிறவனிடம்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். புகட்டினால் குழந்தை துப்பவாவது செய்யும்.

திணிப்பது வேறு ஜாதி. பஞ்சைத் தலையணை உறையில் திணிக்கிறோம். உறைக்குப் பசியும் இல்லை, ஜீரணமும் இல்லை. போட்டது போட்டபடியே உள்ளே கிடக்கும். 1938ல் ராஜாஜியின் மந்திரிசபை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. 1940ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. 1965ல் மறுபடியும் பெரிய கிளர்ச்சி. இரண்டையும் பற்றிப் பேசும்போது "இந்தித் திணிப்பு" என்றே இன்றும் சொல்கிறோம். மாணவன் மாட்டேன் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் அந்தச் சொல் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

என் சண்டை வேறு. ஒரு தரப்பாருக்குக் கிடைத்த நல்ல ஆயுதத்தை இப்போது எல்லாத் தரப்பாரும் சுழற்றுகிறார்கள். நாம் செய்தால் மொழிப்பற்றை ஊட்டுகிறோம், பக்தியை ஊட்டுகிறோம், தேசபக்தியை ஊட்டுகிறோம். எதிராளி செய்தால் திணிக்கிறான். இடையில் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பையனை யாரும் கேட்பதில்லை. அவனுக்கு இரண்டுமே மறுநாள் ஒப்பிக்கவேண்டிய பாடம், ஒப்பிக்காவிட்டால் உதை. திணிப்பா ஊட்டுவதா என்று தீர்மானிக்கவேண்டியது பொருளை வைத்தா, அவனுக்கு வாயை மூடிக்கொள்ளும் உரிமை இருந்ததா என்பதை வைத்தா?

இங்கிலீஷ்காரர்கள் மட்டும் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் 'இன்ஸ்டில்' என்கிறார்கள். லத்தீனில் சொட்டுச் சொட்டாக விடுவது என்று அர்த்தம். 'இன்கல்கேட்' என்கிறார்கள், குதிகாலால் மிதித்து உள்ளே இறக்குவது. சொட்டுக்கும் மிதிக்கும் எவ்வளவு தூரம்! நம் மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு 'புகட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

விதைப்பது என்ற சொல்லும் இரங்கல் கூட்டங்களில் நைந்துபோய்விட்டது. யார் இறந்தாலும் சிந்தனையை விதைத்துவிட்டுத்தான் இறக்கிறார்கள். விதைக்குமுன் நிலத்தை உழவேண்டும் என்பதும், விதைத்த பிறகு மழைக்குக் காத்திருக்கவேண்டும் என்பதும், களையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கும் என்பதும் வயலில் இறங்கியவனுக்குத் தெரியும். பசுமரத்தில் ஆணி அடித்தாற்போலப் பதியவைப்பது என்கிறார்களே, அதில் ஆசிரியர்களுக்கு ஆணிமேல்தான் கண்; மரத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

இத்தனைக்கும், நமக்கு வேண்டிய சொல் வீட்டிலேயே இருக்கிறது. கல்யாணத் தரகர் பெண் வீட்டிலிருந்து திரும்பிவந்து, "விஷயத்தை அவர் காதில் போட்டுவைத்திருக்கிறேன்" என்கிறார். எவ்வளவு மரியாதையான பேச்சு! வற்புறுத்தவில்லை, மறைக்கவும் இல்லை. போட்டாயிற்று, அங்கே கிடக்கும். இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகு அந்த மனிதர் அதைத் தாமாக எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். பிடித்தால் மனைவியை எழுப்பிச் சொல்வார், பிடிக்காவிட்டால் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மறுநாள் தரகர் குடையை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போவார். நாவலாசிரியனுக்கு இதற்கு மேல் அதிகாரம் கொடுக்கிற எந்த வினைச்சொல்லையும் நான் ஏற்கத் தயாராக இல்லை.