விழப்போகிற பல்தானே!

எதிர் வீட்டு மாமி நேற்று மாலை பேத்தியுடன் வந்தாள். குழந்தைக்கு ஐந்து வயது. கடைவாயில் சொத்தை, மிட்டாய் பட்டால் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறது. "டாக்டர் அடைக்கணும் என்கிறார். விழப்போகிற பல்தானேடி அம்மா, தண்டச் செலவு எதற்கு?" என்றாள் மாமி.

விழப்போகிறது வாஸ்தவம், எப்போது? முன்பல் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பல்லோ 10, 12 வயது வரை இருந்தாக வேண்டும். அதற்கு முன் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; பின்னால் முளைக்கிற பல் கோணலாகிவிடும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டாலோ, ராத்திரியில் தானாகவே வலி கிளம்பிக் குழந்தையை எழுப்பும். அப்போது சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும். வெறும் அடைப்பு போதாது.

"எதை வைத்து அடைப்பார்கள்? என் வாயிலிருக்கிற கறுப்பு வெள்ளியா?" என்று கேட்டாள் மாமி.

அதில் பாதரசம் இருக்கிறது. டாக்டர் அவசியமென்று கருதினாலொழிய, பால் பல்லுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அதைத் தவிர்க்க வேண்டுமென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-ல் தீர்மானித்துவிட்டன.

சின்னக் குழிக்கு கிளாஸ் அயனோமர் சிமெண்ட் நல்லது. பல்லோடு தானாக ஒட்டிக்கொள்ளும். சிறிது சிறிதாக ஃபுளோரைடும் கொடுக்கும். சற்று ஈரமிருந்தாலும் சமாளிக்குமாதலால் துறுதுறுத்த குழந்தைக்கு ஏற்றது. ஆனால் தேய்மானம் ஜாஸ்தி. காம்போஸிட் பல்லின் நிறத்திலேயே இருக்கும். நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். அதுவரை வாயைத் திறந்துகொண்டு அசையாமலிருக்கிற ஐந்து வயதுக் குழந்தை யார் வீட்டில் இருக்கிறது?

இந்தக் குழந்தைக்கோ இரண்டு பல்லுக்கு இடையிலும் சொத்தை பரவியிருந்தது. அத்தகைய பல்லில் அடைப்பு சீக்கிரம் பெயர்ந்து விடுகிறது. அதனால் டாக்டர் எவர்சில்வர் தொப்பி சொல்லியிருக்கிறார். பல் முழுவதையும் மூடிவிடும். பல் விழும்போது கூடவே விழும். நானாக இருந்தால் அதைத்தான் போடச் சொல்வேன்.

"பெண் குழந்தைக்கு எவர்சில்வர் பல்லா!" என்று மாமி முகத்தைச் சுளித்தாள்.

"நம்மாத்து டம்ளர் மாதிரி பளபளன்னு இருக்குமா, பாட்டி?" என்றது குழந்தை. "நாளைக்கே போகலாமா?"