டோல்மா கணவாயைக் கடக்கும் நாள்

திருக்கயிலாயப் பரிக்கிரமை சுமார் 52 கிலோமீட்டர்; மூன்று நாள் நடை. அவற்றுள் கடினமானது இரண்டாம் நாள். திராபுக் என்னும் தங்குமிடத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயைக் கடந்து, மாலைக்குள் சுதுல்புக் சேர வேண்டும்.

கணவாயின் உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. உடல் அதற்குப் பழக நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கி இளைப்பாறுவதும் மருத்துவர் கூறும் நெறி. ஆதலின் ஓய்வு நாட்கள் உள்ள பயணத் திட்டமே முதியோர்க்கு ஏற்றது. இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் 70 வயதைக் கடந்தவர்க்கு இடமில்லை. மருத்துவச் சோதனையும் கட்டாயம். தனியார் வழியே செல்வோரும் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே முன்பணம் கட்டுதல் நலம்.

கணவாய் நாளன்று விடியுமுன் புறப்பட வேண்டும். பிற்பகலில் காற்றும் பனியும் வலுக்கக்கூடும். கம்பளி ஆடை, மழைக்காப்பு, கைவிளக்கு, ஊன்றுகோல், வெந்நீர், உலர்பழம், அன்றாட மருந்து ஆகியவை சுமையாளிடம் அன்றித் தம்மிடமே இருத்தல் வேண்டும். உச்சியில் வழிபாடு சுருக்கமாக அமையட்டும். அதற்கப்பால் தோன்றும் கௌரி குண்டத்தை வழியில் நின்றே வணங்கலாம். அதன் உறைநீரில் நீராட முற்படலாகாது. இறக்கம் செங்குத்தானது, குதிரையில் வந்தவரும் அங்கே நடந்தே இறங்க வேண்டும்.

தலைவலியையும் குமட்டலையும், "நேர்ந்துகொண்டு வந்தோமே" என்று மறைப்பது பேராபத்து. அவை நீங்கும்வரை மேலே ஏறலாகாது. தள்ளாட்டமோ, மனக்குழப்பமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்க வேண்டும். தம்பதியராகச் செல்வோர், ஒருவர் திரும்ப நேர்ந்தால் மற்றவர் என்ன செய்வது என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொள்ளட்டும்.

திராபுக்கில் நின்றாலே கயிலையின் வடமுகம் கண்ணாரக் கிடைக்கும். அங்கிருந்து திரும்புதல் பக்திக் குறைவன்று. கயிலை காணப் புறப்பட்ட அப்பர் பெருமான், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடல் தளர்ந்தும் திரும்ப மறுத்தார். இறைவனோ அவரைப் பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே கயிலைக் காட்சி தந்தருளினார் என்கிறது பெரியபுராணம். மலை ஏறாதவர்க்கும் மலையான் அருள் குறைவதில்லை.