கருத்துக் கணிப்புகள் எண்ணாத வாக்குகள்!



2025 பிப்ரவரியில் எமர்சன் கல்லூரி ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டது. நியூயார்க் மாநகர மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தும் என்பதே கேள்வி. முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ முதலிடத்தில் இருந்தார். ஜொஹ்ரான் மம்தானி என்ற 33 வயது முஸ்லிம் இளைஞருக்குக் கிடைத்ததோ வெறும் 1 விழுக்காடு!

ஜூன் 24 அன்று வாக்குப்பதிவு நடந்தது. முதல் விருப்ப வாக்குகளில் மம்தானிக்குச் சுமார் 44 விழுக்காடு, கியூமோவுக்கு 36. விருப்ப வரிசைப்படி எண்ணி முடித்தபோது 56க்கு 44 என்று மம்தானி வென்றார்.

நான்கு மாதத்தில் ஒருவர் வளர்ந்துவிட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஆகவே பிப்ரவரிக் கணிப்பைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் வாக்குப்பதிவுக்கு ஆறே நாட்கள் இருக்கும்போது வந்த மாரிஸ்ட் நிறுவனத்தின் கணிப்பு என்ன சொன்னது தெரியுமா? இறுதிச் சுற்றில் கியூமோ 55, மம்தானி 45! நடந்தது ஏறத்தாழ இதன் தலைகீழ். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அதே எமர்சன் கல்லூரி வெளியிட்ட கடைசிக் கணிப்பு மட்டும் இறுதிச் சுற்றில் மம்தானி வெல்வார் என்று சொன்னது. அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. அதுவும்கூட வித்தியாசத்தை நான்கு புள்ளிகள் அளவுக்கே காட்டியது. உண்மை வித்தியாசம் பன்னிரண்டைத் தாண்டியது.

படித்தவர்கள், கணிதம் அறிந்தவர்கள், இதையே தொழிலாகக் கொண்டவர்கள் எங்கே சறுக்கினார்கள்?

முதலில் இந்தத் தேர்தல் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நம் நாட்டில் கட்சித் தலைமை ஒரு பட்டியலை வெளியிடும். அதில் பெயர் இருப்பவர்தான் வேட்பாளர். அமெரிக்காவில் வேட்பாளரையே வாக்காளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்குப் பிரைமரி என்று பெயர். நியூயார்க்கில் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே இதில் வாக்களிக்கலாம். மிச்சிகன் மாநிலத்தில் கட்சிப் பதிவே கிடையாது. எந்தக் கட்சியின் வாக்குச் சீட்டு வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கலாம்.

பொதுத் தேர்தலில் ஒருவர் எந்தக் கட்சிக்காரர் என்று தெரிந்தால் போதும், அவருடைய வாக்கைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிரைமரியிலோ எல்லோரும் ஒரே கட்சி. பிடிக்காதவரை விட்டு அடுத்தவரிடம் போவதற்கு ஒரு தொலைக்காட்சி விவாதம் போதும். 2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கணிப்புகள் எல்லாம் ஒபாமா ஜெயிப்பார் என்றன. ஹிலாரி கிளிண்டன் ஜெயித்தார். அதற்கு ஐந்து நாள் முன்புதான் அயோவாவில் ஒபாமா வென்றிருந்தார்!

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு இது சட்டென்று புரியும். பெருநாளுக்குச் சரக்கு எடுக்கும் ஜவுளிக் கடைக்காரர் என்ன செய்வார்? சென்ற ஆண்டுக் கணக்கைப் புரட்டுவார். யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று பார்த்துச் சரக்கு எடுப்பார். அவர் கணக்கில் தவறே இருக்காது. ஆனால் இந்த ஆண்டு பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்த நூறு குடும்பங்கள் அந்தப் பேரேட்டில் இருக்க மாட்டார்களே!

பிரைமரிக் கணிப்பும் அப்படித்தான். நியூயார்க்கில் கட்சிப் பதிவு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவே பிரைமரிக்கு வருகிறார்கள். அந்த ஒரு பங்கினர் யார் என்று தேர்தலுக்கு முன்பே எப்படித் தெரியும்? ஆகவே கணிப்பாளர் ஊகிக்கிறார். முந்தைய பிரைமரிகளில் வாக்களித்தவர், வயதானவர், தொலைபேசியை எடுத்துப் பேசுபவர் ஆகியோருக்கு அவருடைய கணக்கில் கனம் கூடுகிறது. முதல் முறையாக வாக்களிக்கப் போகும் இளைஞனுக்கும், சென்ற ஆண்டு குடியுரிமை பெற்ற வங்காளதேசத்து டாக்ஸி ஓட்டுநருக்கும் கனம் குறைகிறது. சில கணிப்புகளில் அவர்கள் இல்லவே இல்லை. பெரும்பாலான கணிப்புகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே கேட்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மம்தானி சென்றது இவர்களிடம்தான். உருதுவிலும் வங்காளத்திலும் பேசினார். பள்ளிவாசல்களுக்குப் போனார். ஹலால் உணவு விற்கும் தள்ளுவண்டிக்காரர்கள் உரிமத்துக்காகப் படும் அவதியைப் படம் பிடித்துக் காட்டினார். 2021இல் டாக்ஸி ஓட்டுநர்களின் கடனுக்காக நடந்த உண்ணாவிரதத்தில் அவர்களோடு உட்கார்ந்தவர் அவர். மறுபக்கம் பணம் கொட்டியது. முன்னாள் மேயர் புளூம்பர்க் மட்டும் கியூமோவை ஆதரித்த அமைப்புக்கு 80 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். முன்னணியில் இருப்பவர் என்று கணிப்புகள் சொன்ன இடத்தில் பணம் போய்ச் சேர்ந்தது! 2021 பிரைமரியில் சுமார் 9 இலட்சத்து 40 ஆயிரம் பேர் வாக்களித்திருந்தார்கள். 2025இல் 10 இலட்சத்தைத் தாண்டியது.

கணிப்புகளோடு 'பிழை வரம்பு' என்று ஒன்றைப் போடுவார்கள். 800 பேரைக் கேட்டால் கூட்டியோ குறைத்தோ மூன்றரைப் புள்ளி. இந்தக் கணக்கு கேட்கப்பட்ட மொத்தப் பேருக்கும் சேர்த்துச் சொல்வது. அந்த 800இல் முஸ்லிம்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு மட்டும் பிழை வரம்பு பதினைந்து புள்ளி! "முஸ்லிம் வாக்குகள் இன்னாருக்கு" என்று பத்திரிகைகள் தலைப்புப் போடுவது சில நேரங்களில் இந்த அடித்தளத்தில்தான். அதோடு, யார் வாக்களிக்க வருவார் என்ற ஊகத்தில் உள்ள தவறு இந்தப் பிழை வரம்பில் சேர்வதே இல்லை.

மிச்சிகனுக்கு வாருங்கள். 2016 மார்ச் 8 அன்று நடந்த பிரைமரியில் ஹிலாரி கிளிண்டன் சுமார் 20 புள்ளிகள் முன்னணியில் இருப்பதாகக் கணிப்புகளின் சராசரி சொன்னது. பெர்னி சாண்டர்ஸ் வென்றார். சுமார் 12 இலட்சம் வாக்குகளில் வித்தியாசம் 17 ஆயிரம் அளவே. அரபு முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் டியர்பார்ன் நகரமும் சாண்டர்ஸுக்கே வாக்களித்தது. 'முஸ்லிம்கள் யூதர் ஒருவருக்கு வாக்களிப்பதா?' என்று அன்று வியந்தவர்கள், அந்த மக்களை அதுவரை ஒரு முறையாவது கேட்டிருப்பார்களா? கணிப்பாளர்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. 2008இல் மிச்சிகன் பிரைமரியின் வாக்குச் சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. 2012இல் போட்டியே இல்லை. பார்த்து எழுத அவர்களிடம் ஒழுங்கான பழைய பேரேடு கிடையாது.

அதே மாநிலத்தில் 2024 பிப்ரவரி 27 அன்று நடந்தது இன்னும் விசித்திரமானது. காஸாவில் நடக்கும் படுகொலைக்கு அதிபர் பைடன் துணை போகிறார் என்று கொதித்தவர்கள், வாக்குச் சீட்டில் இருந்த 'யாருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற கட்டத்தில் குறியிடுமாறு மக்களைக் கேட்டார்கள். பத்தாயிரம் வாக்குகள் கிடைத்தால் போதும் என்றே இயக்கத்தினர் இலக்கு வைத்தார்கள். கிடைத்தது ஒரு இலட்சத்துக்கும் மேல்! டியர்பார்னில் பைடனை அது முந்தியது. இங்கே தோற்றது கணிப்பாளர்களின் ஊகம் மட்டுமல்ல, நம்மவர்கள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பீடும்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "கணிப்புகள் எல்லாம் மோசடி, நம்மைச் சோர்வடைய வைக்கும் சதி" என்று சொல்லத் துடிக்கும் இளைஞர்களே, கொஞ்சம் பொறுங்கள். 2018 ஆகஸ்டில் இதே மிச்சிகனில் ஆளுநர் வேட்பாளராக அப்துல் எல்-சயீத் என்ற முஸ்லிம் மருத்துவர் பிரைமரியில் நின்றார். சாண்டர்ஸே வந்து ஆதரவு கேட்டார். கூட்டங்கள் நிரம்பின. கணிப்புகள் அவர் பின்தங்கியிருப்பதாகச் சொல்ல, '2016இலும் இப்படித்தான் சொன்னார்கள்' என்று ஆதரவாளர்கள் தேற்றிக்கொண்டார்கள். முடிவு வந்தபோது கிரெட்சன் விட்மருக்கு 52 விழுக்காடு, அவருக்கு 30. கணிப்பு சொன்ன பக்கமே நடந்தது. மைதானத்தில் கூடும் கூட்டமும் ஒரு கருத்துக் கணிப்புதான். அங்கே பிழை வரம்பை யாரும் எழுதி ஒட்டுவதில்லை, அவ்வளவே.

நமக்கு வருத்தம் தருவது வேறொன்று. 1 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்து, 'வீண் வேலை' என்று வீட்டில் இருந்துவிட்டவர்கள் அந்தப் பிப்ரவரியில் நியூயார்க்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 'ஜெயிக்கிற குதிரையின் மேல் கட்டுவோம்' என்று எண்ணிய கடைக்காரர்கள் எத்தனை பேர்? அவர்கள் வராமல் போனால் கணிப்பு பலித்துவிடும். பலித்ததும், 'பார்த்தாயா, சரியாகச் சொன்னார்கள்' என்று அவர்களே பேசுவார்கள்! வீடு வீடாகக் கதவைத் தட்டப் போன இளைஞர்கள் இந்த எண்ணைப் பார்க்காதவர்களல்ல. பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நவம்பர் 4 பொதுத் தேர்தலிலும் மம்தானி வென்று நியூயார்க்கின் முதல் முஸ்லிம் மேயரானார்.

இனி இப்படி ஒரு கணிப்பைப் பத்திரிகையில் பார்த்தால், யார் முன்னணி என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தேதியில் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். அடியில் சிறிய எழுத்தில் 'வாக்களிக்க வாய்ப்புள்ளோர்' என்று ஒரு சொல் இருக்கும். அந்தப் பட்டியலில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.